பையில் அரிவாள் இருந்தால்: காரைக்குடி வட்டாரப் பள்ளிகளுக்கு ஆயுதத் தடை விதி எழுத முழு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்து நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து நிற்கிறார். "சார், பையில கத்தி கித்தி இருந்துச்சுன்னா பேச்சே வேண்டாம். அன்னைக்கே டிசியக் குடுத்து அனுப்பிருங்க. அப்பத்தான் மத்த புள்ளைகளுக்குப் பயம் இருக்கும்." கைதட்டல் கிடைக்கும். தாளாளரும் தலையாட்டுவார். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கும்: ‘ஆயுதம் கொண்டுவந்தால் உடனடி நீக்கம்.’

அந்தத் தாளில் பாதி சரி, பாதி சட்டத்துக்குப் புறம்பு. எந்தச் சாக்குக்கும் ஆயுதம் பள்ளிக்குள் இருக்கக் கூடாது என்பது சரி. கொண்டுவந்த பிள்ளையை வெளியே தள்ளுவதை எட்டாம் வகுப்பு வரை சட்டம் அனுமதிக்காது. அதற்கு மேல் வகுப்புகளில் நீக்க முடியும் என்றாலும் பெரிய பயன் இல்லை. தேவகோட்டையில் டிசி வாங்கியவன் கல்லலிலோ புதுவயலிலோ போய்ச் சேருவான். சேர இடம் கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். கத்தியும் கோபமும் அவனோடுதான் போகும்.

பொருள் விஷயத்தில் துளிக்கூட விட்டுக்கொடுக்காமல், பிள்ளை விஷயத்தில் விசாரித்து முடிவெடுக்கிற ஒரு விதியை எழுதி நடத்துவது எப்படி என்பதைத் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த யோசனை எங்கிருந்து வந்தது

‘ஜீரோ டாலரன்ஸ்’ என்று இன்று எல்லோரும் சொல்வது அமெரிக்கச் சரக்கு. 1994-ல் அங்கே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனைக் குறைந்தது ஓராண்டு நீக்க வேண்டும்; அப்படிச் சட்டம் போடாத மாநிலத்துக்கு மத்தியக் கல்வி நிதி கிடைக்காது. பலரும் மறந்துவிடும் ஒரு வரி அந்தச் சட்டத்திலேயே உண்டு: ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பார்த்துத் தண்டனையை மாற்றும் அதிகாரம் கல்வி நிர்வாகிக்கு உண்டு. பள்ளிகள் அந்த வரியை ஓரங்கட்டின. துப்பாக்கிக்குப் போட்ட விதியைக் கத்திக்கும், பொம்மைத் துப்பாக்கிக்கும், மாத்திரைக்கும் நீட்டின.

விளைவு? 2009-ல் டெலவேர் மாநிலத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன், முகாமில் பயன்படுத்தும் மடக்குக் கரண்டியைச் சாப்பிடுவதற்காகப் பள்ளிக்கு எடுத்துப் போனான். கரண்டி, முள்கரண்டி, சிறு கத்தி மூன்றும் ஒன்றாக மடங்கும் சாமான் அது. விதிப்படி 45 நாள் வேறு பள்ளிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஊரே சிரித்தபிறகு, சின்ன வகுப்புகளுக்கு விதியைத் தளர்த்தினார்கள். டென்னசியில் ஒரு மாணவனின் காரில் நண்பனின் கத்தி கிடந்தது, அது அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்றான், ஆனாலும் நீக்கினார்கள். தெரிந்து வைத்திருந்தானா என்று பார்க்காமல் நீக்குவதில் நியாயம் இல்லை என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2006-ல் எல்லா ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்தது. இந்த விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பாயின என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கறுப்பின மாணவர்கள்தான் அளவுக்கு மீறித் தண்டிக்கப்பட்டார்கள் என்பது மட்டும் கண்ணில் பட்டது.

நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே துப்பாக்கி இல்லை, அரிவாள் உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் பையில் கொண்டுவந்த அரிவாளால் சக மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். ஆகவே ‘சின்னப் பையன் என்ன செய்யப் போறான்’ என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. அதேநேரம், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததையும் மறக்கக் கூடாது. சாதி வெறியில் சக மாணவர்கள் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள். அந்த அரிவாள் பள்ளி வாசலைத் தாண்டவே இல்லை. எத்தனை கறாரான பைச் சோதனையும் அதைப் பிடித்திருக்காது.

படி 1: சட்டம் எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விதி எழுத உட்காரும் முன் இந்த நான்கும் மேசையில் இருக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2019-ல் ‘ஆல் பாஸ்’ முறையைத் திருத்தியபோதும் இதைத் தொடவில்லை. பிரிவு 17: அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் தடை. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காக அங்கே விசாரணையே வேண்டாம் என்றாகாது. கீழே வரும் மூன்றும் எல்லாப் பள்ளிக்கும் உண்டு.

பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 20, 21: ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லை என்றால் அதுவும் குற்றமாகாது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015: பதினெட்டு வயது நிரம்பாதவர் எல்லோரும் சிறார். லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். பள்ளி பேச வேண்டியது அவரிடம்தான். அவர் பெயரையும் எண்ணையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். சம்பவ நாளில் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

ஆயுதச் சட்டம் 1959: இதன் விதிகளில் உள்ள கூர்முனை ஆயுதப் பட்டியலில் வாள், ஈட்டி, குத்துவாளோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கென்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. கதிர் அறுக்கும் அரிவாள் சட்டத்தின் கண்ணில் கருவிதான். பள்ளி தன் வாசலில் அதைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஆனால் ‘ஆயுதச் சட்டத்துல உள்ள போட்டுருவேன்’ என்று பையனை மிரட்டுவதற்கு அடிப்படை இல்லை.

படி 2: பட்டியல் போடுங்கள், ஊரைப் பார்த்துப் போடுங்கள்

‘ஆயுதங்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டால் சண்டை அங்கேயே ஆரம்பிக்கும். சிவகங்கைச் சீமையில் அரிவாளுக்குப் பல முகம். திருப்பாச்சேத்தியில் பட்டறையில் அடித்து வரும் அரிவாள் தமிழ்நாடு முழுக்கப் பேர்பெற்றது. கருப்பர் கோயிலில் நேர்த்திக்கடனாக நட்டுவைப்பதும் அதே அரிவாள்தான். காலையில் ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுவிட்டு, கண்மாய்க்கரையோடு நடந்து பள்ளிக்கு வரும் பையன் கையிலும் ஒரு கருக்கருவா இருக்கும். ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் சாமான் தூக்கிய பையில் பாக்குவெட்டி தங்கிப்போவதும் நடப்பதுதான். நான் மூன்று பட்டியலாகப் போடச் சொல்வேன்.

முதல் பட்டியலில் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாதவை: துப்பாக்கி, ஏர்கன், நாட்டு வெடி, சூரிக்கத்தி, பட்டாக்கத்தி, எல்லா வகை அரிவாளும், பட்டன் கத்தி, சைக்கிள் செயின், கை விரலில் மாட்டும் இரும்பு வளையம், ஆசிட் பாட்டில்.

இரண்டாவதில் வேலைச் சாமான்கள்: கட்டர், பிளேடு, பேனாக்கத்தி, பாக்குவெட்டி, ஸ்க்ரூ டிரைவர், கவட்டை. இவையும் வகுப்புக்குள் வரக் கூடாது. வழியில் வேலை முடித்து வருகிறவன், வந்தவுடன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளலாம். கருக்கருவா முதல் பட்டியலில் இருந்தாலும் அதற்கும் இந்தக் கதவைத் திறந்து வைப்பது என் சிபாரிசு. கதவை மூடினால் அவன் அதைப் பள்ளிச் சுவருக்கு வெளியே வேலிப்புதரில் சொருகிவிட்டு வருவான். அது இன்னும் மோசம்.

மூன்றாவது, பள்ளியே வைத்திருப்பவை: ஆய்வகத்துக் கத்தி, அமிலம், சத்துணவுக் கூடத்து அருவாமனை, தோட்டத்து மண்வெட்டி, விளையாட்டு அறை ஈட்டி, சிலம்பக் கம்பு, என்சிசி இருந்தால் அதன் துப்பாக்கி. இந்தப் பட்டியலை யாரும் எழுதுவதில்லை. எண்ணி, பூட்டி, சாவி யாரிடம் என்று எழுதுங்கள். காம்பஸ், டிவைடர் பற்றிக் கேட்பீர்கள். ஜாமெண்ட்ரி பாக்ஸ் படிப்புக்கு வேண்டும். அதைத் தடை செய்ய முடியாது. அதால் ஒருவனைக் குத்தினால் அது தாக்குதல், அதற்குத் தனி விதி இருக்கிறது.

ஆயுத பூஜைக்குப் பள்ளியில் படைப்பது பள்ளிக் கருவிகளை மட்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

படி 3: விதியின் வாசகம்

நீளமாக எழுத வேண்டாம். இதை எடுத்துத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

‘பள்ளி வளாகத்திலும், பள்ளி வாகனத்திலும், பள்ளி நடத்தும் விழா, போட்டி, சுற்றுலா ஆகியவற்றிலும் இணைப்பில் உள்ள பொருட்களை மாணவர்கள் வைத்திருக்கக் கூடாது. இருந்தால் பொருள் எடுத்து வைக்கப்படும். பெற்றோர் அன்றே அழைக்கப்படுவர். இதற்கு யாருக்கும் விலக்கு இல்லை. மாணவர் மீது என்ன நடவடிக்கை என்பதை அவரிடமும் பெற்றோரிடமும் கேட்டபின், மூவர் குழு எழுத்தில் முடிவு செய்யும். தெரியாமல் வந்த பொருளைத் தானாகவே ஒப்படைக்கும் மாணவர் மீது நடவடிக்கை கிடையாது. முடிவில் மனக்குறை இருந்தால் ஏழு நாளுக்குள் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் முறையிடலாம்.’

‘யாருக்கும் விலக்கு இல்லை’ என்ற மூன்று சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும். தாளாளர் சொந்தக்காரப் பையன், கோயில் டிரஸ்டி மகன், விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் எல்லோருக்கும் பொருள் போகும், பெற்றோர் வருவார். தானாகவே ஒப்படைப்பவர் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. பையைத் திறந்தபோது தம்பி வைத்த கத்தியைப் பார்த்துத் திடுக்கிட்டவன், ‘சொன்னா மாட்டிக்குவோம்’ என்று அதைப் பெஞ்சுக்கடியில் தள்ளக் கூடாது.

மூவர் குழு: தலைமையாசிரியர், அந்தப் பையனுக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியை, பெற்றோர் தரப்பில் ஒருவர். மூவரும் ஒரே தெரு, ஒரே சாதி என்று அமையாமல் பாருங்கள். இந்த வட்டாரத்தில் பல பள்ளிகள் நகரத்தார் அறக்கட்டளைகள் நடத்துபவை. அறங்காவலர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சம்பவ நாளில் அவர்களை போனில் பிடித்து அனுமதி கேட்கும் நிலை வேண்டாம். விதியைப் பள்ளி திறக்கும் முன்பே தீர்மானமாக நிறைவேற்றி வாங்கிவிடுங்கள்.

படி 4: எல்லோருக்கும் சொல்லுங்கள்

கையெழுத்துக்கு அனுப்பும் தாளை யாரும் படிப்பதில்லை. பட்டியலைத் தலைமையாசிரியர் தன் குரலில் இரண்டு நிமிடம் பேசி, வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் அப்பத்தாவும் கேட்பார். மாணவர்களுக்குக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருமுறை, வகுப்பில் ஒருமுறை. விடுதி வார்டன், வேன் டிரைவர், வாட்ச்மேன், சத்துணவு அம்மா எல்லோருக்கும் பிரதி போக வேண்டும்.

படி 5: பைச் சோதனை

தினமும் எல்லாப் பையையும் கிளறினால் பதினைந்து நாளில் வாத்தியார்களுக்கே சலித்துவிடும். முன்கூட்டி அறிவித்துவிட்டு, எந்த நாள் என்று சொல்லாமல், வரிசை எண்ணில் குலுக்கல் முறையில் பாருங்கள்: இன்று கடைசி இலக்கம் 4 உள்ளவர்கள், இன்னொரு நாள் 7. ‘அந்தத் தெருப் பையன்க பையப் பாருங்க’ என்று ஆரம்பித்தால் அது சோதனை இல்லை, சாதி பார்ப்பது.

பையை மாணவரே திறந்து, மாணவரே எடுத்துக் காட்ட வேண்டும். பெரியவர் இருவர் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் பையை ஆசிரியை மட்டும், தனி இடத்தில். நாப்கின் பாக்கெட்டைப் பத்துப்பேர் முன்னால் எடுத்து வைக்கச் சொல்லும் பள்ளிக்கு அந்தப் பிள்ளை மறுநாள் வராது. உடலைத் தடவிப் பார்ப்பது, சட்டையைக் கழற்றச் சொல்வது கூடவே கூடாது. அமெரிக்காவிலேயே, வலி மாத்திரை தேடி 13 வயது மாணவியின் உடைகளைக் களைந்து சோதித்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடம்பில் வைத்திருக்கிறான் என்று உறுதியாகச் சந்தேகம் வந்தால் பெற்றோரையும் காவல் அலுவலரையும் கூப்பிடுங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல்: பழைய வீடுகளில் நடக்கும் பள்ளிகள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். முன்வாசலில் ஆசிரியர் நின்று பை பார்க்க, பின்வாசலில் பாதிப்பேர் நுழைவார்கள். மெட்டல் டிடெக்டருக்கு விலை விசாரிக்கும் முன் பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்குங்கள். தீ பிடித்தால் உடனே திறக்கும்படி சாவி பக்கத்திலேயே ஒருவரிடம் இருக்கட்டும்.

படி 6: பொருள் கிடைத்த நாள்

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன, ஆகவே விரிவாக.

பையில் இருப்பது தெரிந்தால் கத்த வேண்டாம், பிடுங்க வேண்டாம். "தம்பி, பைய அப்படியே வச்சிட்டு என்கூட வா" என்று சாதாரணக் குரலில் சொல்லி அழைத்துப் போங்கள். இன்னொரு ஆசிரியர் வகுப்பில் நிற்கட்டும். கையில் எடுத்துவிட்டான் என்றால் கதை வேறு: மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புவது முதல் வேலை, 112-க்கு போன் இரண்டாவது வேலை. வீரம் காட்டிப் பறிக்கப் போகாதீர்கள்.

பொருளை மேசையில் வைத்து அளவுகோலோடு ஒரு படம் எடுங்கள். பையனைப் படம் எடுக்காதீர்கள். பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, பிரவுன் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக இருவர் கையெழுத்திட்டு, தேதி, நேரம் எழுதி அலமாரியில் பூட்டுங்கள். அதை மறைத்த துண்டுச்சாக்கு, பிடியில் சுற்றிய துணி எல்லாமே அதோடு போகட்டும். பிடியில் புதுத்துணி இறுக்கிச் சுற்றியிருக்கிறதா, முனையில் தழைக்கறை காய்ந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும்.

ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுவில் பெயரோடு ஒரு வரிகூடப் போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, விசாரணையில் உள்ள சிறாரின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளூர் நிருபர் வாசலில் நின்றாலும் ‘விதிப்படி நடவடிக்கை எடுத்திருக்கிறோம்’ என்பதோடு நிறுத்துங்கள்.

பையனுக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். "சாப்டியாப்பா?" என்று கேளுங்கள். பிறகு, "இது எப்படிப் பைக்குள்ள வந்துச்சு?" ‘யாரக் குத்தக் கொண்டாந்தே?’ என்று கேட்டால் பதில் உங்களுடையதாக இருக்கும், அவனுடையதாக இருக்காது. அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். மன்னிப்புக் கடிதம் என்ற பெயரில் ஆசிரியர் சொல்லச் சொல்ல ‘நான் இன்னாரைத் தாக்கும் நோக்கத்தோடு’ என்று எழுதி வாங்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

அடுத்து பெற்றோர். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வருவது அம்மா, இல்லை என்றால் அப்பத்தா. நூறு நாள் வேலையிலோ தேங்காய் மண்டியிலோ பாதியில் விட்டு வருகிறவரை இரண்டு மணி நேரம் வராந்தாவில் நிறுத்தாதீர்கள். வந்தவுடனே, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்பார், அல்லது அங்கேயே பையனை அறைவார். "அம்மா, உட்காருங்க. இங்க யாரும் அடிக்கிறதில்ல. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவோம்" என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதன்பின் உண்மை பேசாது.

படி 7: ஐந்து கேள்வி

அமெரிக்கா இந்த முப்பது ஆண்டில் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் இதுதான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான முறையில், வாய் தவறி வந்த மிரட்டலையும் நிஜமாகவே செய்யத் திட்டமிட்ட மிரட்டலையும் பிரித்துப் பார்க்கிறார்கள். 2013-ல் அந்த மாநிலம் பள்ளிகளுக்கு இத்தகைய குழுவைச் சட்டமாகவே ஆக்கியது. நம் மூவர் குழு கேட்க வேண்டியவை: தெரிந்து கொண்டுவந்தானா? வெளியே எடுத்து யாரிடமாவது காட்டினானா? ஆள் பெயர், இடம், நேரம் சொன்னானா? யாருக்காவது பயந்து கொண்டுவந்தானா? பின்னால் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பதில்களைப் பொறுத்து நாலு விதமாகப் பிரியும்.

தழை வெட்டிய கருக்கருவாவை மறந்து கொண்டுவந்தவன் முதல் ரகம். அம்மாவிடம் பொருளைக் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, அன்றே வகுப்புக்கு அனுப்புங்கள். முடிந்தது.

இரண்டாவது, ‘கெத்து’ காட்டக் கொண்டுவந்தவன். பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி ரீல்ஸ் போட்டுப் பெரியவர்களே போலீசில் மாட்டுகிற காலம். பையன் அதைத்தான் பார்க்கிறான். பெற்றோர் முன்னிலையில் வீடியோ நீக்கம், இரண்டு மூன்று நாள் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து பாட வேலை, ஒரு மாதம் காலையில் அலுவலகத்தில் பை காட்டிவிட்டு வகுப்புக்குப் போவது. கக்கூஸ் கழுவச் சொல்வதும் முட்டி போட வைப்பதும் தண்டனையே அல்ல. பொதுத்தேர்வு எழுத விடாமல் நிறுத்துவதும் கூடாது.

மூன்றாவது ரகம் பயந்தவன், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவனும் இவன்தான். டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரவிடாமல் அடிக்கும் ஒரு கூட்டம், சாதியைச் சொல்லிக் கூப்பிடும் ஒருவன், வழிப்பறி போல் தினமும் பத்து ரூபாய் பிடுங்கும் மேல்வகுப்புப் பையன்கள். யாரிடமும் சொல்ல முடியாமல் ஒருநாள் வீட்டுச் சூரிக்கத்தியை எடுத்து வைக்கிறான். கறாரான நீக்க விதி இவனைத்தான் முதலில் வெளியே தள்ளும். அடித்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கத்தியை எடுத்து வைத்துவிட்டு, அன்றே அடித்தவர்கள் மீது விசாரணையைத் தொடங்குங்கள். சில வாரம் பஸ்ஸில் ஓர் ஆசிரியர் கூடப் போகட்டும். சாதியைச் சொல்லி இழிவு செய்தது தெரிந்தால் அதைச் ‘சின்னப் பசங்க சண்டை’ என்று மூடாமல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

நாலாவது: பெயர், இடம், நேரம் எல்லாம் சொல்லித் தயாராக வந்தவன். இது பள்ளி தனியாகக் கையாளும் விஷயம் இல்லை.

படி 8: போலீஸ் எப்போது

யாருக்காவது காயம், துப்பாக்கி அல்லது வெடி, நாலாவது ரகம், பின்னால் பெரியவர்கள் இருப்பது: இந்த நான்கில் ஒன்று இருந்தால் உடனே குழந்தை நலக் காவல் அலுவலர். கொடுங்குற்றம் அல்லாத, பெரியவர்கள் சம்பந்தப்படாத விஷயத்தில் முதல் தகவல் அறிக்கை போடாமல், பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் 2016 மாதிரி விதிகளின் முறை. விலங்கு கூடாது, முடிந்தவரை சீருடை இல்லாமல் வர வேண்டும். வருகிறவரிடம் இதைப் பணிவாகக் கேளுங்கள். பெற்றோர் வரும்வரை பையன் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருக்கட்டும். யாரைக் குறிவைத்தானோ அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் அன்றே சொல்லியாக வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 போதும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-லும் ஆலோசனை கேட்கலாம்.

படி 9: பிள்ளைகள் சொல்ல ஒரு வழி

அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவும் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை தந்தன. அவற்றில் 81 சதவீதத்தில், தாக்கியவன் என்ன நினைக்கிறான் என்பது குறைந்தது ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் சக மாணவர்களுக்கு. இங்கும் ‘நாளைக்கு ஒரு சம்பவம் இருக்கு’ என்பது முதல்நாளே பின்பெஞ்சுக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் வாத்தியாரிடம் வந்து சொன்னால்தான் நமக்குச் செய்தி. சொல்வதால் நண்பனுக்கு டிசி கிடைக்கும் என்று தெரிந்தால் எவனும் சொல்ல மாட்டான். கண்மூடி நீக்கும் விதிக்கு நான் எதிராக இருப்பதன் முதல் காரணம் இதுதான், இரக்கம் இல்லை.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் அது அலங்காரம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கேமரா பார்க்காத இடத்தில் வையுங்கள், வாரம் ஒருமுறை திறங்கள். சொன்னவன் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது.

படி 10: காலண்டரில் வட்டம் போட வேண்டிய நாட்கள்

செப்டம்பர் 11 பரமக்குடி (இம்மானுவேல் சேகரன்), அக்டோபர் 24 திருப்பத்தூர், 27 காளையார்கோவில் (இரண்டும் மருது சகோதரர்கள்), 30 பசும்பொன் (முத்துராமலிங்கத் தேவர்). நினைவு நாள்கள் மரியாதைக்குரியவை. ஆனால் இந்த வாரங்களில் கையில் கலர் கயிறு, ஸ்டேட்டஸில் அரிவாள் படம், பஸ்ஸில் உரசல் எல்லாம் கூடும். நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. கயிற்றை அறுத்து எறிந்து காட்சி நடத்த வேண்டாம். எல்லாச் சாதிக் கயிறும் ஒரே நாளில், ஒரே மாதிரி, பையனே கழற்றிப் பையில் போடட்டும். பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த மறுவாரமும், மாட்டுச் சண்டையைப் பையன்கள் வகுப்புக்குள் கொண்டுவருகிறார்களா என்று ஒரு கண் இருக்கட்டும்.

படி 11: பதிவேடு

ஒரே நோட்டு. தேதி, வகுப்பு, பொருள், ஐந்து கேள்விக்கான பதில், முடிவு, மூவர் கையெழுத்து. பெயருக்குப் பதில் ஓர் எண். எண்ணுக்கு உரிய பெயர் தலைமையாசிரியர் பூட்டி வைத்த தனித்தாளில். ஆண்டுக் கடைசியில் மேலாண்மைக் குழு அந்த நோட்டைப் புரட்டி ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும்: ஒரே மாதிரி விஷயத்துக்கு விடுதிப் பையனுக்கு ஒரு முடிவும் டவுன் பையனுக்கு வேறு முடிவும் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

எடுத்து வைத்த சாமான்களில் வேலைக் கருவிகளைப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யாரும் வாங்க வராதவற்றை கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன் இரண்டு சாட்சி முன்னிலையில் பட்டியல் எழுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.